துண்டிப்புக் குறிப்பு

கெமி நகரில் பிப்ரவரி.
காலை எட்டு மணிக்கும் ஜன்னலில் நீலம்தான்.
பனியுடைக்கும் கப்பல்கள் குடித்த டீசலைக்
கணக்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
நாலாயிரத்து இருநூற்று என்று தொடங்குவேன்,
நாலாயிரத்திலேயே
விசைப்பலகை செத்துப்போகும்.

மூன்று விநாடி.
போகும்போது ஒரு டிங், வரும்போது ஒரு டிங்.
எதுவுமே நடக்காததுபோல
விளக்குகள் மறுபடி எரியும்.
சில நேரம் கடைசியாகத் தொட்ட பூஜ்யம்
விரலை எடுத்த பிறகும் நிற்காமல்
நாற்பது பூஜ்யமாய் ஓடும்.
அத்தனை டீசலை ஊற்றிவைக்க
பொத்னியா வளைகுடா போதாது.

ஊருக்கு இளைத்தது கேபிள்.
முதலில் அதைத்தான் மாற்றினேன்.
அப்புறம் போர்ட்.
அப்புறம் ஹப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக்
கணினியின் முதுகிலேயே நேராகச் செருகினேன்.
மின்சேமிப்பு என்ற இடத்தில் ஒரு டிக்கை எடுத்தேன்.
ஃபர்ம்வேரை மூச்சுவிடாமல் புதுப்பித்தேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து
பல் பிடுங்குவதுபோல் ஒவ்வொரு விசையாய்க் கழற்றினேன்.
அடியில் ரை ரொட்டித் துகள்,
ஒரு ஸ்டேப்ளர் முள்,
மூன்று வருடம் முன்பு செத்துப்போன பூனையின்
ஒரு வெள்ளை முடி.
முடியை மட்டும் எறியவில்லை.

கடைக்குக் கொண்டுபோனேன்.
வெர்னா இரண்டு நாள் வைத்திருந்து
கடைச் சரக்குப் பட்டியல் முழுவதையும்
அதிலேயே அடித்துப் பார்த்தாளாம். ஒருமுறைகூட அறவில்லை.
"இதில் கோளாறு ஒன்றும் இல்லை.
உங்கள் வீட்டில்தான் ஏதோ" என்றாள்.
சொன்னது எப்படிக் கேட்கிறது என்று புரிந்ததும்
காதுவரை சிவந்தாள்.
"எப்போதெல்லாம் அறுகிறது என்று எழுதிவையுங்கள், மணியோடு."

எழுதினேன்.
9.14. 9.31. 9.33.
10.02, தபால் வண்டி வரும் நேரம்.
10.05.
வேகமாக அடித்தால் அறுகிறது என்பதும் இல்லை.
அடுப்பங்கரையில் காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போதும்
யாரும் தொடாத விசைப்பலகை
டிங் என்றது, டிங் என்றது.

வியாழக்கிழமைதான் காதில் விழுந்தது:
டிங்குக்கு அரை விநாடி முன்னால்
எனக்குப் பின்னால்
தைஸ்டோவின் சுழல்நாற்காலி விடும் பெருமூச்சு.

காகித ஆலை மூடிப் பதினொரு மாதம்.
எதிர்ச் சுவரைப் பார்த்த மேசையில்
ஏதோ பயிற்சிப் பாடம் படிக்கிறான்.
அவன் எழுந்தால் நாற்காலியின் கால்குழல் நீள்கிறது.
ஹீட்டர் உலர்த்திய காற்று, கம்பளிக் காலுறை, நைலான் விரிப்பு.
கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி அறையைத் தாண்ட,
என் கேபிள் அதை வாயால் கவ்விக்கொள்கிறது.

"எழுந்திரு" என்றேன். டிங்.
"உட்கார். எழுந்திரு." டிங்.
ஆறு முறை செய்தான்.
ஏழாவது முறை என்னைக் கேட்காமலே செய்தான்.
இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் மேசையில் கிடந்த காகிதத்தை
அவன் எடுத்துப் பார்த்தான்.
செவ்வாய், நாற்பத்தொரு முறை.
புதன், ஐம்பத்தாறு.
பிற்பகல் 2.10. 2.12. 2.13. 2.13.
என் கையெழுத்தில் அவன் எழுந்து நின்றதெல்லாம்.
ஜன்னல்வரை போனது, திரும்பியது, மறுபடி போனது.
நான் டீசல் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2.13ல் விரலை வைத்து,
"இது ராஹேயிலிருந்து ஃபோன் வந்தபோது" என்றான்.
ராஹேயில் யார் என்று அப்போது கேட்கவில்லை.
காபி போட்ட பிறகு கேட்டேன்.
வேறொருவரை எடுத்துக்கொண்டார்களாம்.

சுழல்நாற்காலி இப்போது கூடத்தில்,
எங்கள் கோட்டுகளைச் சுமந்துகொண்டு.
அவனுக்குச் சமையலறையின் பிர்ச் மர நாற்காலி.
மூன்று வாரமாக ஒரு டிங்கும் இல்லை.
ஜனவரிக் கணக்கை முடித்து அனுப்பிவிட்டேன்,
பூஜ்யங்கள் எல்லாம் அதனதன் இடத்தில்.

மர நாற்காலி சத்தம் போடுவதில்லை.
எழுந்தானா, இருக்கிறானா என்று
இப்போதெல்லாம் நான்தான்
திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.